பிஸ்தாப் பச்சைத் துணியும் ‘மட்டும்’ என்கிற சொல்லும்

1

இதைத் திருப்பூரில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். என் மேலதிகாரி பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் வேஸ்ட் துணியில் ஒரு முழத்தை ஒரு வருடமாகத் தன் மேசை இழுப்பறையில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் ஊரில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கும். தைத்த துணியைப் பண்டல் கட்டுவதும் அதில்தான், முருங்கைக் கன்றுக்குக் குச்சி நட்டுக் கட்டுவதும் அதில்தான், கொண்டி உடைந்த கேட்டைத் தூணோடு சேர்த்து இறுக்குவதும் அதில்தான். ஒசாகாவில் அதற்குக் கிடைத்த மரியாதை எனக்கே இன்னும் கிடைக்கவில்லை.

மேலதிகாரியின் பெயர் நிஷிதா. குழந்தைகளுக்கான பருத்தி உடுப்புகளை இறக்குமதி செய்யும் எங்கள் நிறுவனத்தில் தரம் பார்ப்பவர். ஓய்வு பெறும் வயது. நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். திங்கட்கிழமை காலை அவர் அந்த உறையை என் மேசையில் வைத்தார். உள்ளே பிஸ்தாப் பச்சை நிறத்தில் அந்தத் துணி, ஓரங்கள் சுருண்டு கிடந்தது.

“அடுத்த மாதம் திருப்பூர் போகிறேன், யூசுப் சான். நீங்களும் வர வேண்டும்” என்றார். ‘சான்’ என்பது நம் ‘ங்க’ போல ஒரு மரியாதை.

போன வருடப் பயணத்துக்குப் பிறகு என்னை வெளியே எங்கும் அனுப்பவில்லை. கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். யாரும் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, இந்த ஊரில் சொல்ல மாட்டார்கள். பெட்டிகளைக் காட்டினார்கள், நான் போய் ஒட்டினேன். அதனால் நிஷிதா கூப்பிட்டதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. திருப்பூர் போனால் மங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணனிடம் ஒரு வருடமாக நான் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதை நேருக்கு நேர் உட்கார்ந்துகொண்டு மறைக்க என்னால் முடியாது.

2

அதைச் சொல்வதற்கு முன்பு, ஜப்பானியரிடம் ‘மட்டும்’ என்று சொல்ல எத்தனை வழிகள் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நான் அதிகம் அடிபட்டது அந்தச் சொல்லால்தான்.

முதலாவது ‘தகே’. ‘தயவு’ என்று சொல்லும்போது வருகிற அழுத்தமான த. நம் ‘மட்டும்’ போலவே ஒட்டிக்கொள்ளும். ‘தண்ணீர் தகே’ என்றால் தண்ணீர் மட்டும். அதில் வருத்தமும் இல்லை, குறையும் இல்லை. உள்ளதைச் சொல்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது ‘ஷிகா’. இது வந்துவிட்டால் வாக்கியம் இல்லை என்று பொருள்படும் ‘நை’யில்தான் முடிந்தாக வேண்டும். ‘தண்ணீர் ஷிகா’ என்று ஒருவர் வாயைத் திறந்த உடனேயே அடுத்து ஒரு இல்லை வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். தண்ணீரை விட்டால் வேறு ஒன்றும் இல்லை. அதே தண்ணீர்தான், ஆனால் இப்போது அது போதவில்லை.

மூன்றாவது ‘பகாரி’. எந்நேரமும் அதே வேலையாக இருப்பதைச் சொல்ல. என் மனைவி மொழி கற்றுக்கொண்ட வேகத்தில் முதலில் பிடித்துக்கொண்டது இதைத்தான். ‘ஃபோன் பகாரி’ என்று மகளையும் என்னையும் ஒரே மூச்சில் திட்டுவாள். நாலாவது ‘நொமி’. இது வீட்டுக்குள் வராது. அறிவிப்புப் பலகையிலும் ஒப்பந்தத்திலும் உட்கார்ந்திருக்கும். வார்டு அலுவலகத்தில் ‘உரியவர் நொமி’ என்று ஒரு பலகை உண்டு. வந்த புதிதில் மனைவியின் அடையாள அட்டையை வாங்கப் போனோம். அவளுக்கு அப்போது ஜப்பானிய மொழியில் நன்றி சொல்ல மட்டுமே தெரியும். உள்ளே உரியவர் நொமி என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கேட்டதற்கெல்லாம் நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நின்று நான் பல்லைக் கடித்தேன். அதிகாரி சிரித்த முகமாகவே பலகையைத் தொட்டுக் காட்டினார்.

நம்மூரில் இத்தனை பாகுபாடு கிடையாது. ‘தான்’ ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடுவோம். என் அண்ணி வாழை இலையில் இடமே தெரியாத அளவுக்குப் பரிமாறிவிட்டு, “ஒண்ணுமில்லீங்க, இவ்வளவுதானுங்க” என்பார். குறையைச் சொல்லவும் அதே தான், நிறைவை மறைக்கவும் அதே தான்.

என் மகள் ஹனா ஒசாகாவில் பிறந்தவள். தமிழ் புரியும், பதில் ஜப்பானிய மொழியில் வரும். ஒருநாள் அவள் அறை கிடந்த கோலத்தைப் பார்த்து நான் கத்தியபோது, அமைதியாக ஒரு வாக்கியம் சொன்னாள். “அப்பா கோபம் வரும்போது ஷிகா தமிழ் பேசுவது நை.” ஷிகா வந்தபோதே அடி விழப்போகிறது என்று தெரிந்துவிட்டது. விழுந்தும் விட்டது. அவளிடம் நான் தமிழில் கடைசியாகக் கொஞ்சியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணனிடம் ஃபோனில் சொல்லுவேன். அவருக்கு அதில் தகே மட்டும் பிடித்துப்போயிற்று. “ஏன் கண்ணு, சம்பளம் தகேவா, இல்ல ஓவர்டைமும் போட்டுக் குடுக்கறாங்களா?” என்று கிண்டல் செய்வார். பெரியப்பாவை ஹனா பெரியத்தா என்பாள். பெரியத்தா தகே சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

3

என் அண்ணன் காதர். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார், யாருடைய கம்பெனியிலோ. அந்தச் சம்பளத்தில்தான் நான் கோயமுத்தூருக்குப் பேருந்து ஏறி ஜப்பானிய மொழி படித்தேன். இருபது வருடம் அடுத்தவர் மெஷினில் உட்கார்ந்த பிறகு மங்கலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுத் தன் சொந்த மெஷின்களை இறக்கினார். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அன்று ஃபோனில் அவர் பேசவே இல்லை. மெஷின் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தார்.

போன வருடம் நிஷிதாவோடு திருப்பூர் போனேன். சிவசாமி என்பவரின் கம்பெனி எங்கள் நிறுவனத்துக்குக் கைக்குழந்தை உடுப்பு தைத்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் அந்த நாலாவது சொல் இருந்தது. தையல், பதிவு செய்த இந்த ஆலையில் நொமி. கைக்குழந்தை உடுப்பில் ஒடிந்த ஊசி முனை ஒன்று தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்காக வைத்த விதி. எந்த மெஷினில் எந்த ஊசி ஒடிந்தது, துண்டுகள் எல்லாம் கிடைத்தனவா என்று ஒரே கூரைக்குக் கீழே பார்க்க வேண்டும். வெளியே தைத்தது தெரிந்தால் ஆர்டர் போய்விடும்.

ஆலைக்குக் கிளம்புகிற அன்று காலை, அவிநாசி ரோட்டில் நாங்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்கு அண்ணனிடமிருந்து ஃபோன் வந்தது.

“கண்ணு, நீ சிவசாமி கம்பெனிக்கா போற?”

“ஆமாங்ண்ணா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த ஜப்பான் ஆர்டர் நம்மூட்டுலயும் ஓடுதுடா. நாலு மாசமா அந்த ஒரு வேலதான். உங்க கம்பெனிதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. நேத்துத்தான் சிவசாமி சொன்னாரு, யூசுப்புன்னு ஒருத்தரு வாராருன்னு.”

“அண்ணா, தெரிஞ்சா...”

“தெரியும், தெரியும். பன்னெண்டு பொம்பளைங்க தெக்கறாங்க. இது போச்சுன்னா மெஷினத் துணி போட்டு மூடிட்டு நான் மறுபடியும் எவங்கிட்டயாவது போயி உக்காரோணும்.” பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அவங்க கேக்கறத இவங்களுக்குச் சொல்லு, இவங்க சொல்றத அவங்களுக்குச் சொல்லு. உன் வேல அதுதான? அதை மட்டும் பாரு.”

கீழே காரில் நிஷிதா ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், சரியாகத் தூங்கவில்லையா என்று கேட்டார். வெயில் என்று சொன்னேன்.

4

சிவசாமி நல்ல மனிதர். வாசலிலேயே வந்து நின்று கும்பிட்டார். நிஷிதா முன்னால் போனதும் என் முழங்கையைத் தொட்டு, மெல்லிய குரலில், “காதரு உங்க அண்ணாருன்னு நேத்துத்தானுங்க தெரிஞ்சுது. கோவிச்சுக்காதீங்க. சித்த அனுசரிச்சுப் போயிருங்க” என்றார். எதை அனுசரிக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம்மூரில் மிகப் பெரிய காரியங்களை இப்படித்தான் பேசி முடிக்கிறோம்.

நிஷிதா தையல் வரிசைக்குள் நடந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் நின்று ஊசியைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மெஷின் முப்பத்திரண்டு ஷிகா...” என்று ஆரம்பித்தார்.

இனி வரப்போகும் ‘இல்லை’ எங்கே போய் இடிக்கும் என்று தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு மெஷினைத் தவிர வேறு இல்லையே, இதை வைத்துக்கொண்டு இத்தனை உடுப்பு எப்படி முடிகிறது என்று கேட்டார்.

“நைட் ஷிப்ட் ஓட்டறமுங்க. எங்க பொண்ணுங்க கை நெம்ப வேகமுங்க” என்றார் சிவசாமி. அதை அப்படியே சொன்னேன். நிஷிதா தலையசைத்தார். ஒப்புக்கொண்டார் என்று அதற்குப் பொருள் இல்லை, கேட்டுக்கொண்டார் என்றுதான் பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் பிடித்தது. சிவசாமிக்கு அது தெரியாததால் முகம் மலர்ந்தார்.

செக்கிங் மேசையில்தான் சிக்கல் வந்தது. வெளியே தைத்து வரும் பண்டலை உள்ளே கொண்டு வந்ததும் கட்டை அவிழ்த்துவிட்டு இந்தக் கம்பெனித் துணியால் மறுகட்டுக் கட்டுவது வழக்கம். அன்று யாரோ அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டார்கள். வெள்ளை உடுப்புகளின் அடுக்கு ஒன்றைப் பிஸ்தாப் பச்சைத் துணி சுற்றியிருந்தது. நிஷிதா அதை அவிழ்த்துக் கையில் எடுத்தார்.

“இந்த ஆலையில் ஓடுவது வெள்ளையும் நீலமும்தானே. இந்தப் பச்சை எந்தத் துணியிலிருந்து வெட்டியது?”

“பழைய ஆர்டர் வேஸ்ட்டுங்க. எப்பவோ கெடந்துது” என்றார் சிவசாமி. நான் மொழிபெயர்த்தேன். நிஷிதா அந்தத் துணியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வேறு ஏதேதோ கேட்டார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாயத்தைச் சோதித்தது யார் என்று. வாய் அதன்பாட்டுக்கு மொழிபெயர்த்தது. பார்வையெல்லாம் அந்தச் சட்டைப் பையின் மேலேயே இருந்தது.

5

மதியம் சாம்பிள் ரூமில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சிவசாமி ஹோட்டலிலிருந்து வரவழைத்திருந்தார். தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் உள்ளே வந்தார். கையில் பெரிய தூக்குப்போசி.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வர வேண்டாம் என்று காலையில் ஃபோனில் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அண்ணனுக்கும் வரக் கூடாது என்று தோன்றவில்லை. தம்பி ஊரில் காலை வைத்துவிட்டு முதல் சோற்றை ஹோட்டலில் தின்பதா என்பது ஒன்றுதான் அவர் மனதில் ஓடியிருக்கிறது. ஆடிட் காலையோடு முடிந்துவிடும் என்று வேறு நினைத்திருக்கிறார்.

“நெய்ச்சோறும் தாளிச்சாவும். உங்கண்ணி அஞ்சு மணிக்கே எந்திரிச்சா” என்று பொதுவாகச் சொன்னார். சிவசாமியின் முகம் வெளுத்துவிட்டது.

“யார்?” என்று கேட்டார் நிஷிதா.

“என் அண்ணன்” என்றேன். அது உண்மைதானே.

நிஷிதா எழுந்து குனிந்து வணங்கினார். அண்ணனும் தூக்குப்போசியை இரண்டு கையாலும் பிடித்தபடியே குனிந்தார். பிறகு அதை மேசை மேல் வைத்தார். மங்கலம் ரோட்டில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. தாளிச்சா சிந்தாமல் இருக்க மூடியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார். பிஸ்தாப் பச்சைத் துணி.

நிஷிதா சட்டைப் பையிலிருந்து மற்றதை எடுத்தார். தூக்குப்போசிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் சுதாரித்தவர் சிவசாமிதான். “ஐயாகிட்டச் சொல்லுங்க. எங்கூர்ல எல்லாத்தையும் இந்த வேஸ்ட்லதானுங்க கட்டுவோம். வேஸ்ட் யாவாரிகிட்ட மூட்டையா வாங்கறதுதான? ஒரே மூட்டை பத்து ஊட்டுக்குப் போவும். வேணும்னா சன்னல்ல எட்டிப் பாக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். நிஷிதா சன்னலுக்குப் போனார். கீழே வேப்பங்கன்று மஞ்சள் துணியில் குச்சியோடு கட்டுண்டு நின்றது. கேட்டில் நீலத் துணி. சாப்பிட உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தியின் கூந்தலில் ரோஸ் துணி. நிஷிதா சிரித்தார், அந்த நாளில் முதல் முறையாக. சிவசாமி மூச்சு விட்டார். எனக்கும் உயிர் வந்தது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று மனதுக்குள் ஒரு சந்தோஷம்கூட எழுந்தது. அண்ணன் கட்டை அவிழ்த்துத் தட்டுகளில் சோறு வைக்க ஆரம்பித்தார்.

நிஷிதா திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

“யூசுப் சான், இது மொழிபெயர்க்க அல்ல. உங்களைக் கேட்கிறேன். தையல், இங்கே தகேவா?”

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் என்னுடைய பதிலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்தவர் சொல்வதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கிப் போகிறவனுக்குத் தன் வாய் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோயிருந்தது. ஆம் என்றால் அண்ணன் பிழைப்பார், நிஷிதாவின் முகத்தை இனி நான் பார்க்க முடியாது. இல்லை என்றால் என்னைப் படிக்க வைத்தவரின் ஷெட்டை நானே இழுத்து மூடியவனாவேன். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணனின் கரண்டி பாதியில் நின்றுவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே ஜப்பானிய வார்த்தை காதில் விழுந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நிஷிதாவின் எதிரில் போய் நின்றார்.

“இங்க மட்டும் இல்லீங்க. எங்கூட்டுலயும் தெக்கறோமுங்க. அந்தப் பச்சத் துணி என்னுதுதானுங்க” என்றார். நிறுத்தாமல் தொடர்ந்தார். “எந்தம்பிக்கு இது ஒண்ணுமே தெரியாதுங்க. இன்னிக்கு வரைக்கும் அவங்கிட்ட நான் மூச்சு விடலீங்க. அவன் வேலைக்கு ஒரு கொறையும் வெச்சுராதீங்க. என்ன பண்றதா இருந்தாலும் என்னையப் பண்ணுங்க.”

“காதரு!” என்று சிவசாமி கத்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் அதை ஜப்பானிய மொழியில் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. சொன்னேன். இங்கே மட்டும் அல்ல, எங்கள் வீட்டிலும் தைக்கிறோம், அந்தப் பச்சைத் துணி என்னுடையது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

நிஷிதா காத்திருந்தார். அண்ணன் பேசியது அதைவிட நீளம் என்று அவருக்குத் தெரியும். மிச்சமிருந்தது அண்ணனின் பொய். எனக்காக, என் முன்னால், நான் எடுத்துக் கொடுப்பேன் என்று நம்பிச் சொன்ன பொய். அதை எடுத்துக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“எனக்கும் காலையிலிருந்தே தெரியும்” என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன்.

நிஷிதா என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவு தகே” என்றேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சொல்லிட்டயா கண்ணு?”

“சொல்லிட்டனுங்ண்ணா.”

“கடேசியாச் சொன்னதையும்?”

“அதையும்தானுங்ண்ணா.”

“அப்ப உக்காரச் சொல்லு அவர. சோறு ஆறுது” என்றார். நிஷிதா உட்கார்ந்தார். தட்டில் வைத்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

6

அன்று மாலை நிஷிதா மங்கலம் வந்து ஷெட்டைப் பார்த்தார். ஒடிந்த ஊசிகளை அண்ணன் கண்ணாடிப் புட்டியில் போட்டு, துண்டு துண்டாகச் சேர்த்து டேப் ஒட்டி வைத்திருந்ததைக் காட்டினார். நிஷிதா நெடுநேரம் பார்த்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். சொல்லாமல் செய்தது வேறு விஷயம் என்றும் சொல்லச் சொன்னார். இரண்டையும் சொன்னேன். சிவசாமியின் ஆர்டர் தப்பியது. வெளியே தைத்தவற்றை எல்லாம் அவர் செலவில் மறுபடி சோதித்தார்கள், இனி வெளியே ஒரு பீஸ்கூடப் போகாது என்று எழுதி வாங்கினார்கள். அண்ணனின் ஷெட் மூடிவிட்டது. அந்தப் பெண்களை ஒவ்வொருவராக வேறு கம்பெனிகளில் சேர்த்துவிட்டு, கடைசியாக அவரும் அவிநாசி பக்கம் ஒரு கம்பெனியில் போய் ஓவர்லாக்கில் உட்கார்ந்தார்.

நானோ லேபிள் ஒட்டப் போனேன். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். அண்ணிக்கும் சொந்தபந்தங்களுக்கும் அவர் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். “எம்பொழப்பு போனாப் போவுது. எந்தம்பி வேலைய அன்னிக்குக் காப்பாத்திப்போட்டன்.” ஃபோனில் அவர் பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்வது கேட்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சுக்குத் தாவுவேன். அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பெருமைதான். அது காற்றில் நிற்கிறது என்று தெரிந்தது எனக்கு மட்டும்.

நிஷிதா உறையை என் மேசையில் வைத்த அந்தத் திங்கட்கிழமை, துணியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹனா என்ன என்று கேட்டாள். சொன்னேன், தமிழில், கோபப்படாமல். முழுவதையும் கேட்டுவிட்டு, “பெரியத்தாகிட்ட ஏன் சொல்லல?” என்றாள். தமிழில்தான் கேட்டாள், வார்த்தைகளைத் தேடித் தேடி. அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட எனக்கு நேரம் இல்லை. அப்போதே ஃபோனை எடுத்தேன்.

“அண்ணா, அடுத்த மாசம் வர்றனுங்க.”

“அட! ஊட்டுக்குத்தான வருவ?”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு நீங்க கடேசியாச் சொன்னத மட்டும் நான் அவருகிட்டச் சொல்லலீங்ண்ணா. எனக்கும் தெரியும்னு சொல்லிட்டன்.”

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் கேட்டது, அடுத்தவர் கம்பெனி மெஷின். பிறகு அவர் வெளியே நடந்து வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“தெரியும் கண்ணு.”

“என்னங்ண்ணா?”

“நாஞ்சொன்னது நாலு முழம். நீ திருப்பிச் சொன்னது ஒரு சாண். மிச்சம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? முடிக்கையில தகேன்னு வேற முடிச்ச. நானும் ஒரு வருசமாப் பாக்கறன், எப்பச் சொல்லுவீன்னு.”

“அப்பறம் ஏனுங்ண்ணா எல்லார்த்துகிட்டயும் என் வேலையக் காப்பாத்துனேன்னு சொல்றீங்க?”

“பின்ன? எதுக்கு வாயத் தொறந்தீங்கன்னு உங்கண்ணி தெனமும் கேக்கறா. என்னன்னு சொல்றது? எந்தம்பி பொய் சொல்ல முடியாம முழிச்சுட்டு நின்னான், என்னால பாக்க முடியலன்னா? அது அவளுக்குப் புரியுமா?” கொஞ்சம் இருமினார். “சரி உடு. இந்தத் தடவ கம்பெனிக்கெல்லாம் சோறு கொண்டார மாட்டன். ஊட்டுக்கு வா. நீ மட்டும் வந்து நிக்காத, அந்தப் பெரியவரையும் கூட்டியா. அன்னிக்குப் பாவம், தாளிச்சா ஆறிப்போச்சு.”